லேப்டாப் திரை நிறத்தைச் சரியாகக் காட்டுமா? வாங்கும் முன் அறிய நான்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

படம் வரைகிறவர்கள், புகைப்படம் திருத்துகிறவர்கள், புத்தகம் வடிவமைக்கிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இந்த இரண்டு லேப்டாப்களில் எதன் திரையை நம்பலாம்? கடையில் பார்த்தால் இரண்டுமே நன்றாக இருக்கின்றன. விவரப் பட்டியலைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது.” செயலியையும் நினைவகத்தையும் எண்களை வைத்தே ஒப்பிட்டுவிடலாம். திரை அவ்வளவு எளிதில் பிடிபடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தக அட்டைக்குச் செங்கல் நிறப் பின்னணி அமைத்தேன். என் திரையில் அந்தச் சிவப்பு சோர்ந்துபோய், ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து தெரிந்தது. செறிவைக் கூட்டினேன். போதவில்லை, மறுபடியும் கூட்டினேன். கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்த பிறகே கோப்பை அனுப்பினேன். அச்சாகி வந்த அட்டையைக் கையில் வாங்கியதும் பகீரென்றது. செங்கல் இல்லை, ரத்தச் சிவப்பு. நான் கேட்ட சிவப்பைக் காட்டும் திறனே அந்தத் திரைக்குக் கிடையாது. அதன் குறையை நான் கோப்பில் ஈடுகட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

அன்றிலிருந்து எந்தத் திரையைப் பார்த்தாலும் ஒரு கேள்வியோடுதான் தொடங்குகிறேன்: இதன் குறைகளில் வாங்கிய பிறகு திருத்தக்கூடியவை எவை, எப்போதும் திருத்த முடியாதவை எவை? கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

## முதலில் அளவுகோல்கள்

நிற வீச்சு. ஒரு திரையால் காட்ட முடிந்த நிறங்களின் எல்லை இது. இணையத்துக்கும் அன்றாட வேலைக்கும் அடிப்படை எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லை. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த இது, 1999-இல் சர்வதேசத் தரமானது. காணொளி வேலையில் டிசிஐ-பி3, அச்சுக்கான புகைப்பட வேலையில் அடோபி ஆர்ஜிபி என்று இதைவிட அகலமான எல்லைகள் புழங்குகின்றன. வீச்சு குறுகிய திரையை எந்த மென்பொருளாலும் அகலமாக்க முடியாது. திருத்த முடியாத குறைகளில் இதற்கே முதலிடம்.

துல்லியம். எல்லைக்குள் இருக்கும் நிறத்தையாவது கேட்டபடி காட்டுகிறதா என்பது வேறு கேள்வி. கேட்ட நிறத்துக்கும் காட்டிய நிறத்துக்கும் உள்ள இடைவெளியை ‘டெல்டா ஈ’ என்ற எண்ணால் சொல்கிறார்கள். 1-க்குக் கீழ் இருந்தால் கண் பிரித்தறிவது அரிது. 2 வரை பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். 3-ஐத் தாண்டினால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வேறுபாடு தெரியத் தொடங்கும். கருவியால் அளந்து திருத்துவதைக் கேலிபரேஷன் என்கிறார்கள். இந்தக் குறை பெரும்பாலும் அதற்குக் கட்டுப்படும்.

வெண்மை. தர அளவாகக் கொள்ளும் வெள்ளை டி65 எனப்படுவது; வெள்ளையின் சாயலைச் சொல்லும் அலகில் ஏறத்தாழ 6500 கெல்வின். பல திரைகள் நீலம் தூக்கலாகவே வருகின்றன. இதையும் திருத்தலாம், ஒளிர்வில் கொஞ்சம் இழக்க வேண்டியிருக்கும்.

ஒளிர்வு, கோணம், சீர்மை. உச்ச ஒளிர்வு எத்தனை நிட்ஸ் (ஒளிர்வின் அலகு), தலையைச் சற்று நகர்த்தினால் நிறம் மாறுகிறதா, நான்கு மூலைகளும் நடுப்பகுதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்ற மூன்றும் பேனலின், அதாவது திரையாக உள்ளே பொருத்தப்பட்ட காட்சிப் பலகையின், பிறவிக் குணங்கள். கேலிபரேஷனால் இவை மேம்படுவதில்லை.

உங்கள் கைக்கு வருவது அதே திரைதானா? ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு நிறுவனங்களின் பேனல்கள் வருவது லேப்டாப் உலகில் சாதாரணம். ஒரே பேனலிலும் ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடு இருக்கும். எந்த வழியில் சோதித்தாலும் இந்தக் கேள்விக்கு அது என்ன பதில் தருகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

## ஒரு பார்வையில் நான்கு வழிகள்

| வழி | நன்றாகச் சொல்வது | சொல்லாமல் விடுவது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| விவரப் பட்டியலை வாசிப்பது | நிற வீச்சு, பேனல் வகை, உச்ச ஒளிர்வு | துல்லியம், சீர்மை | அரைகுறை எண்ணை நம்பி ஏமாறுவது |
| அளந்து எழுதிய விமர்சனம் | துல்லியம், வெண்மை, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நிலை | உங்கள் கைக்கு வரும் திரையின் குணம் | வேறு பேனலின் முடிவைத் தன்னுடையதாக எண்ணிக்கொள்வது |
| கடையில் கண்ணால் பார்ப்பது | கோணம், சீர்மை, பிரதிபலிப்பு, சாம்பலில் படியும் சாயம் | வெண்மையின் சரியான அளவு, டெல்டா ஈ | நேரம். கடை வெளிச்சம் தரும் மயக்கம் |
| வாங்கி, திருப்பும் கெடுவுக்குள் அளப்பது | அனைத்தும், உங்கள் திரைக்கே உரியபடி | அளக்கும் முன் எதையும் சொல்லாது | கருவியின் விலை, திருப்பி அனுப்பும் தொல்லை |

## வழி 1: விவரப் பட்டியலை வாசிப்பது

செலவில்லை, ஐந்து நிமிடம் போதும். ஆனால் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதிகம் குழப்புவது என்டிஎஸ்சி சதவீதம். 1953-இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த தரம் அது. இன்று யாரும் அந்த எல்லைக்குள் வேலை செய்வதில்லை என்றாலும், திரையின் வீச்சை அதோடு ஒப்பிட்டுச் சொல்லும் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் நிறங்களின் வரைபடத்தில் என்டிஎஸ்சி முக்கோணத்தின் பரப்பு 0.158, எஸ்ஆர்ஜிபி முக்கோணத்தின் பரப்பு 0.112. வகுத்தால் 71 சதவீதம் வரும். தொழிலில் இதை 72 என்றே சொல்கிறார்கள். ஆகவே ‘72% என்டிஎஸ்சி’ என்று பார்த்தால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘45% என்டிஎஸ்சி’ என்றால்? எஸ்ஆர்ஜிபியின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அது எட்டாது. என் புத்தக அட்டையைக் கெடுத்தது இந்த வகைத் திரைதான். நிறத்தோடு தொடர்புள்ள எந்த வேலைக்கும் இதை வாங்காதீர்கள். மற்ற எல்லா அம்சங்களும் மனத்துக்குப் பிடித்திருந்தாலும் வேண்டாம்.

இன்னொரு நுட்பம்: பரப்பு வேறு, நிறைவு வேறு. போர்வை கட்டிலின் அளவே இருந்தாலும் சாய்த்து விரித்தால் ஒரு மூலை வெளியே தெரியும். ‘100% எஸ்ஆர்ஜிபி’ என்பது பரப்பின் விகிதமாக இருந்தால், ஒரு பக்கம் எல்லையைத் தாண்டியும் மறுபக்கம் எட்டாமலும் இருக்கலாம். எது என்று தெளிவாகச் சொல்லும் பட்டியல்கள் குறைவு.

‘1.67 கோடி நிறங்கள்’ என்பது, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 256 படிநிலைகளாகப் பிரிக்கும் 8 பிட் திரை காட்டும் நிறக் கலவைகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான். படிநிலைகள் குறைந்த 6 பிட் பேனல்கூடப் புள்ளிகளை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி அந்த எண்ணிக்கையை ஈடுசெய்துவிடும். துல்லியத்தைப் பற்றி அந்த எண் எதையும் சொல்லாது.

‘டெல்டா ஈ 2-க்குக் கீழ்’ என்ற வரியைக் கண்டால் அது நல்ல அறிகுறிதான். ஆலையில் ஓரளவு திருத்திய பிறகே அனுப்புகிறார்கள் என்று பொருள். ஆனால் அது பெரும்பாலும் சராசரி. சோதனைக்குப் பரவலாகப் பயன்படும் கலர்செக்கர் அட்டையில் 24 கட்டங்கள் உண்டு. முதல் இரண்டும் மனிதத் தோலின் நிறங்கள். மற்ற 22 கட்டங்களிலும் பிழை 1 என்றும், அந்த இரண்டில் மட்டும் 6 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1.4. பட்டியலில் பெருமையாக அச்சிடலாம். முகங்களைப் படமெடுத்து வாழ்கிறவருக்கு அந்தத் திரையால் என்ன பயன்?

இந்த வழி போதுமானவர்கள்: எழுத்து, கணக்கு, படிப்பு, படம் பார்ப்பது என்ற அளவில் நிற்கிறவர்கள். ஐபிஎஸ் பேனல் (கோணம் மாறினாலும் நிறம் பெரிதாக மாறாத வகை), 100% எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸ் என்ற மூன்றையும் பார்த்து வாங்கினால் பெரிய தவறு நேராது. பழைய டிஎன் பேனல்களை, கோணம் மாறினால் நிறமும் மாறும் என்பதால், கண்டவுடன் ஒதுக்கிவிடலாம்.

## வழி 2: அளந்து எழுதிய விமர்சனங்கள்

நான்கில் குறைந்த உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நோட்புக்செக், ஆர்டிங்ஸ் போன்ற தளங்கள் கருவியால் அளந்த எண்களை வெளியிடுகின்றன. “நிறங்கள் பளிச்சென்று உயிரோட்டமாக இருக்கின்றன” என்று மட்டும் எழுதும் விமர்சனத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நோட்புக்செக் விமர்சனத்தில் டெல்டா ஈ பெரும்பாலும் இரண்டு முறை வரும்: கேலிபரேஷனுக்கு முன், கேலிபரேஷனுக்குப் பின். பலர் முதல் எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். முன் 5, பின் 1 என்றால் பேனல் நல்ல பேனல். ஆலையில்தான் சரியாக அமைக்கவில்லை. ஒரு கருவியும் ஒரு மணி நேரமும் இருந்தால் அது முதல் தரத் திரையாகிவிடும். முன் 5, பின்னும் 4 என்றால் குறை பேனலிலேயே இருக்கிறது. பெரும்பாலும் வீச்சுதான் போதாமல் இருக்கும். முதல் எண்ணை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு திரைகளும் ஒன்றுபோலத் தெரியும். வாங்கிய பின்னரே வேறுபாடு தெரியவரும்.

சராசரியோடு அதிகபட்சப் பிழையையும், சாம்பல் நிறத்துக்கான டெல்டா ஈயைத் தனியாகவும் பாருங்கள். சாம்பல் தவறினால் எல்லா நிறத்திலும் ஒரு சாயம் படிந்துவிடும். எந்தச் சூத்திரத்தால் அளந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். 1976-ஆம் ஆண்டின் சூத்திரமும் 2000-ஆம் ஆண்டின் சூத்திரமும் ஒரே பிழைக்கு வெவ்வேறு எண்களைத் தரும். இரண்டு தளங்களின் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடாமல், ஒரே தளத்தில் இரண்டு லேப்டாப்களையும் தேடுவது நல்லது.

மறைந்திருக்கும் ஆபத்து பேனல் மாற்றம். விமர்சனத்துக்குப் போனது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், விலை உயர்ந்த ஓஎல்இடி வகையாகவும், உங்கள் பட்ஜெட்டுக்குள் வருவது அதே பெயரிலுள்ள சாதாரண ஐபிஎஸ் வகையாகவும் இருக்கலாம். நல்ல விமர்சனங்களில் பேனலின் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் இருக்கும்: ஏயுஓ, பிஓஇ, எல்ஜி டிஸ்ப்ளே, இன்னோலக்ஸ் என்று தொடங்கும் ஒரு குறியீடு. அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். திரை தன் அடையாளத்தைக் கணினிக்குச் சொல்லும் இடிஐடி என்ற தகவலை வாசிக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. லேப்டாப் கைக்கு வந்ததும் இரண்டு குறியீடுகளும் ஒன்றா என்று பார்த்துவிடலாம்.

அதே விமர்சனத்தில் பல நேரம் ஐசிசி புரொஃபைல் என்ற, திரையின் நிறக் குணத்தைக் கணினிக்குச் சொல்லும் கோப்பையும் தருவார்கள். இன்னொரு திரைக்காகச் செய்தது என்பதால் உங்கள் திரையில் அது உதவவும் கூடும், கெடுக்கவும் கூடும். போட்டுப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் பச்சையோ இளஞ்சிவப்போ தலைகாட்டினால் எடுத்துவிடுங்கள்.

## வழி 3: கடையில் கண்ணால் பார்ப்பது

நம் கண் தனியாக அளக்கும் கருவியாக மிக மோசம். இரண்டை ஒப்பிடும் கருவியாக மிகக் கூர்மை. நீலம் தூக்கலான திரையைச் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே வெள்ளை என்று கண் ஒப்புக்கொண்டுவிடும். ஆகவே “வெள்ளை சரியாக இருக்கிறதா?” என்று கடையில் கண்ணைக் கேட்காதீர்கள். “இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வேறுபாடு உண்டா?” என்று கேளுங்கள், நம்பகமான பதில் கிடைக்கும்.

நான் ஒரு பென்டிரைவில் ஐந்தே படங்களைக் கொண்டுபோகிறேன். கறுப்பிலிருந்து வெள்ளை வரை சீராக மாறும் சாம்பல் பட்டை. முழு வெள்ளை. ஒன்றைவிட ஒன்று சற்றே வெளிறிய கறுப்புக் கட்டங்கள். மங்கிய சிவப்புத் துணியின் புகைப்படம். எனக்கு நன்கு தெரிந்த ஒருவரின் முகம்.

படங்களைத் திறக்கும் முன் அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். காட்சிக்கு வைத்த லேப்டாப்களில் செறிவைக் கூட்டும் முறை இயங்கிக்கொண்டிருக்கலாம். இரவு விளக்கு முறை, சுற்று வெளிச்சத்துக்கேற்ப மாறும் ஒளிர்வு, ஆப்பிளில் சூழலுக்கேற்ப வெண்மையை மாற்றும் ட்ரூ டோன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மின்கம்பியை ஒருமுறை கழற்றியும் பாருங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த, படத்துக்கேற்ப ஒளிர்வையும் கான்ட்ராஸ்ட்டையும் மாற்றும் ஏற்பாடு சில கணினிகளில் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும்.

இனி சாம்பல் பட்டை. இருண்ட முனையிலிருந்து மெதுவாகப் பார்வையை நகர்த்துங்கள். ஓரிடத்தில் பச்சையாகவும் அடுத்த இடத்தில் இளஞ்சிவப்பாகவும் சாயம் மாறுகிறதா? படிக்கட்டுபோல் வெட்டுகள் தெரிகின்றனவா? பிறகு முழு வெள்ளையை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நில்லுங்கள். ஒரு ஓரம் மஞ்சளாகத் தெரிந்தால் எந்தக் கேலிபரேஷனும் அதைக் காப்பாற்றாது. அடுத்து கறுப்புக் கட்டங்கள்: மூடியை முன்னும் பின்னும் மெல்லச் சாயுங்கள். நல்ல ஐபிஎஸ் திரையில் கட்டங்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஓஎல்இடியில் கறுப்பு முழுக் கறுப்பாகவே இருக்கும்; ஆனால் அதிகம் சாய்த்தால் வெள்ளையில் நீலமோ இளஞ்சிவப்போ சற்றுப் படியலாம். கடைசியாக முகம். பரிச்சயமான முகத்தில் ஒரு சிறு சிவப்பு கூடினாலும் மனம் உடனே உறுத்தும்.

முடிந்தால் இரண்டு லேப்டாப்களையும் அருகருகே வைத்து, ஒளிர்வைச் சமமாக்கிய பிறகு பாருங்கள். சமமாக்காவிட்டால் ஒளிர்வு கூடியதுதான் எப்போதும் ‘நல்ல நிறம்’ என்று தோன்றும். திரையைக் கைபேசியால் படமெடுத்து வீட்டில் ஒப்பிடலாம் என்று எண்ண வேண்டாம். கேமரா வெண்மையைத் தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடும்; அந்தப் படம் எதற்கும் சாட்சி ஆகாது.

பேனலின் பிறவிக் குணங்களைக் காட்டிக்கொடுப்பதால் மற்ற வழிகளுக்கு இது நல்ல துணை. ஆனால் இதை மட்டுமே நம்பி வாங்கினால், செறிவு மிகுந்த திரையிடம் மனம் போய்விடும். துல்லியமான திரை முதல் பார்வையில் சற்று அடக்கமாகத்தான் தெரியும்.

## வழி 4: வாங்கி, திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் அளப்பது

உங்கள் கைக்கு வந்த அதே திரையைப் பற்றிப் பேசும் ஒரே வழி இது. கலரிமீட்டர் என்ற சிறு கருவியைத் திரைமீது தொங்கவிட்டால், மென்பொருள் ஒவ்வொரு நிறமாகக் காட்ட, கருவி அளந்துகொண்டே போகும். ஆர்கில்சிஎம்எஸ் போன்ற இலவச மென்பொருள்களே போதும். திரையை அரை மணி நேரம் எரியவிட்ட பிறகு, ஒளிர்வு 120 நிட்ஸ், வெண்மை டி65, காமா (கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒளிர்வு ஏறும் விதத்தின் அளவு) 2.2 என்று வைத்து அளக்கலாம்.

செலவைக் கணக்கிடும்போது கருவியின் விலையோடு நிறுத்திவிடாதீர்கள். அகன்ற வீச்சு பேனல்களுக்கும் ஓஎல்இடிக்கும் அவற்றின் ஒளிக்கேற்ற திருத்தக் கோப்பைக் கலரிமீட்டருக்குத் தர வேண்டும். தராவிட்டால் கருவி சொல்லும் வெள்ளையே பிழையாகிவிடும். பழைய சில கருவிகளின் வடிகட்டிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கியிருக்கும். இரவல் வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேலிபரேஷனும் இலவசமாக வருவதில்லை. வெண்மையைப் பெரிதாக இழுத்துத் திருத்தினால் ஒளிர்வு குறையும்; 8 பிட் படிநிலைகளில் சில காணாமல் போய், வானம்போன்ற மென்மையான பரப்புகளில் கோடுகள் தெரியலாம்.

நிறத்தால் வருமானம் பெறுகிறவர்களுக்கு இந்த வழியைத் தவிர்க்க இடமில்லை. மற்றவர்கள், கருவி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருந்தால் ஒருநாள் இரவல் கேட்கலாம். எப்படியானாலும் திருப்பும் விதிகளை வாங்கும் முன்பே வாசித்துவிடுங்கள். “திரையின் நிறம் பிடிக்கவில்லை” என்பதை எல்லா விற்பனையாளர்களும் காரணமாக ஏற்பதில்லை.

## அகன்ற திரை என்றால் நல்ல திரையா?

இந்தக் கேள்வியைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதிகப் பணம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். டிசிஐ-பி3 முழுவதையும் காட்டும் திரையில் எஸ்ஆர்ஜிபி படத்தைத் திறந்தால், நிற மேலாண்மை (படத்தின் நிறங்களைத் திரையின் எல்லைக்கேற்ப மாற்றித் தரும் ஏற்பாடு) இல்லாத மென்பொருள் அந்த நிறங்களை எல்லை வரை இழுத்துக் காட்டும். தக்காளி எரியும், முகங்கள் சிவக்கும். மேக்கில் இயங்குதளமே இதைக் கவனித்துக்கொள்கிறது. விண்டோஸில் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். விண்டோஸ் 11-இல் வந்த தானியங்கி நிற மேலாண்மை எல்லாக் கணினிகளிலும் கிடைப்பதில்லை. ஆகவே விண்டோஸ் லேப்டாப்பில் அகன்ற திரை வாங்குவதானால், அதில் எஸ்ஆர்ஜிபிக்குள் அடக்கிக் காட்டும் முறை உண்டா என்று உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால், இணையத்துக்கு மட்டுமே வேலை செய்கிறவருக்கு 100% எஸ்ஆர்ஜிபி காட்டும் சாதாரண ஐபிஎஸ் திரையே மேல்.

## யாருக்கு எது?

இணையத்துக்குப் படம் வரைகிறவர், பக்கம் வடிவமைக்கிறவர்: வழி 2-இல் தொடங்கி, வழி 3-ஆல் உறுதிசெய்யுங்கள்.

அச்சுக்கும் காணொளிக்கும் வேலை செய்கிறவர்: வழி 2-ஆல் பட்டியலை இரண்டாகச் சுருக்கி, வழி 4-க்குப் போங்கள். லேப்டாப் பெரும்பாலும் மேசையிலேயே இருக்குமென்றால் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள்: சாதாரணத் திரையுள்ள லேப்டாப்பையும் தனியாக ஒரு நல்ல மானிட்டரையும் வாங்குவது பல நேரங்களில் இதைவிடச் சிக்கனம்.

கடைக்குப் போக முடியாமல் இணையத்தில் வாங்குகிறவர்: பேனல் குறியீடு உள்ள விமர்சனமும் தெளிவான திருப்பும் விதியும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வழி 3-இன் ஐந்து படங்களை வீட்டில் முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். அதுவரை பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம்.

பழைய லேப்டாப் வாங்குகிறவர்: நேரில் பார்க்காமல் வேண்டாம். பின்விளக்கு மஞ்சளடித்திருக்கலாம், ஓஎல்இடியில் பணிப்பட்டையின் தழும்பு நிலையாகப் பதிந்திருக்கலாம். நடுச்சாம்பல் நிறப் படத்தை முழுத்திரையில் வைத்தால் இரண்டும் தெரிந்துவிடும்.

கடைசியில் இரண்டு லேப்டாப்கள் மட்டும் மிஞ்சி, ஒன்று திருத்தத்துக்கு முன் 2, பின் 1.8 என்றும், மற்றது முன் 4, பின் 0.9 என்றும் இருந்தால்? கலரிமீட்டர் வாங்கவோ இரவல் பெறவோ உறுதியாகத் திட்டமிருந்தால் இரண்டாவதை எடுங்கள். அந்தத் திட்டம் இல்லையென்றால் முதலாவதை எடுங்கள். பெட்டியைத் திறந்த நாளில் எப்படி இருக்கிறதோ, அப்படியேதான் நீங்கள் அதைப் பயன்படுத்தப் போகிறீர்கள்.